ஓட்டுநர் இருக்கை யாருக்கு? மாட்டு வண்டி முதல் விமானி அறை வரை

திருச்சி விமான நிலையம் இருப்பது புதுக்கோட்டை சாலையில். நம் மாவட்டத்திலிருந்து பேருந்தில் திருச்சிக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறோம். அங்கிருந்து புறப்படும் விமானங்களில் நம் ஆட்களும் ஏறுகிறார்கள். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் வேலைக்குப் போகிறார்கள். ஆனால் விமானத்தின் முன்பக்கம், கதவு பூட்டிய அந்தச் சிறிய அறையில், ஓட்டுகிற இருக்கையில் நம்மவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு எண் கிடைக்காது. இந்திய விமானிகளில் பெண்கள் ஏறத்தாழ 15 சதவீதம், உலகச் சராசரியைவிட மிக அதிகம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் விமானிகளில் தலித்துகள் எவ்வளவு என்று எந்தத் தனியார் விமான நிறுவனமும் கணக்கு வெளியிடுவதில்லை. கணக்கு இல்லை என்பதே ஒரு தகவல்தான்.

சில ஆண்டுகளாக ‘கேடட் பைலட்’ அறிவிப்புகள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. பிளஸ் 2 முடித்தவர்களை விமான நிறுவனமே தேர்வு வைத்து எடுத்து, பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பி, உரிமம் வாங்கியதும் துணை விமானியாகச் சேர்த்துக்கொள்ளும் திட்டம் இது. பயிற்சிச் செலவு மட்டும் மாணவருடையது. “அக்கா, இதுக்கு எப்படித் தயார் ஆகுறது?” என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காகத்தான் இந்தக் கட்டுரை. பாடத்திட்டத்தைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் இந்தத் தேர்வுக்குப் பின்னால் இருக்கிற வரலாற்றைப் படித்துவிட வேண்டும். ஏனென்றால் அந்த நுழைவாயிலில் நிற்கும்போது உங்களுக்கு வரப்போகிற தயக்கம் உங்கள் தனிப்பட்ட குறை இல்லை. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

1929: ஒரே ஆண்டு, இரண்டு வண்டிகள்

1929 பிப்ரவரி 10. இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமத்தை ஜே.ஆர்.டி. டாடா பெற்றார். உரிம எண் 1. 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளோடு அவர் ஓட்டிய சிறிய விமானத்திலிருந்துதான் இந்திய விமானப் போக்குவரத்தின் கதை தொடங்குகிறது. பாடப்புத்தகத்தில் இதைப் படித்திருப்பீர்கள்.

அதே 1929. தீண்டப்படாதோரின் குறைகளை விசாரிக்க பம்பாய் அரசாங்கம் அமைத்த குழுவின் உறுப்பினராக அண்ணல் அம்பேத்கர் சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் படித்து முனைவர் பட்டம் வாங்கிய வழக்கறிஞர். அவரை ஏற்றிச் செல்ல ஒரு குதிரை வண்டிக்காரரும் முன்வரவில்லை. தீண்டப்படாதவரை உட்கார வைத்து வண்டி ஓட்டுவது தங்கள் மரியாதைக்குக் குறைவு என்றார்கள். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது: வண்டியைத் தருவார்கள், ஓட்ட வர மாட்டார்கள். வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத ஒரு மகர் இளைஞர் ஓட்டினார். வழியில் இருந்த பாலத்தில் குதிரை மிரண்டது. அம்பேத்கர் தூக்கி வீசப்பட்டுக் கால் முறிந்தது. ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற தன்வரலாற்றுக் குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். சிறுவனாக இருந்தபோது மாட்டு வண்டிக்காரர் ஓட்ட மறுத்ததால் தாங்களே ஓட்டிக்கொண்டு போன இரவையும் அதில் பதிவு செய்திருக்கிறார்.

இந்தச் சம்பவத்தைச் சமூகவியல் கண்ணோடு பாருங்கள். அந்த இளைஞருக்கு ஓட்டத் தெரியாமல் போனது திறமைக் குறைவாலா? பயிற்சி பெறும் வாய்ப்பை ஒரு சமூகத்திற்கு மறுத்துவிட்டு, ஆபத்தான நேரத்தில் கடிவாளத்தை அவர் கையில் கொடுத்தார்கள். விபத்து நடந்த பிறகு “இவர்களுக்கு ஓட்டத் தெரியாது” என்று சொல்வது எவ்வளவு எளிது! ‘தகுதி’ என்ற சொல் இப்படித்தான் உருவாகிறது.

செருப்பு, குடை, பள்ளிக்கூடம்

இன்னும் பக்கத்தில் வருவோம். நமக்குத் தெற்கே இருக்கிற பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது என்று நீள்கிறது பட்டியல். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. 1931இல் தடைகள் பதினொன்றாயின. அவற்றில் ஒன்று, பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது, மிராசுதாரரின் மாடுதான் மேய்க்க வேண்டும் என்பது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இந்தியாவில் சாதி பற்றி எழுதிய நூலில் இந்தப் பட்டியல் இருக்கிறது.

வானத்தில் இந்தியத் தபால் விமானம் பறக்கத் தொடங்கிய அதே ஆண்டுகளில் நம் தாத்தா பாட்டிகளுக்குத் தரையில் செருப்புப் போட்டு நடக்கவே தடை. ஒரே நாட்டில் இரண்டு நூற்றாண்டுகள் ஒன்றாக ஓடின.

இது பழைய கதை என்று நினைக்கிறவர்களுக்கு: 2025 பிப்ரவரியில், பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில், புல்லட் ஓட்டிய காரணத்துக்காக ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன என்று அவர் குடும்பத்தினர் புகார் கொடுத்தார்கள். செருப்பிலிருந்து புல்லட் வரை, நாம் எதில் ஏறுகிறோம் என்பதை யாரோ ஒருவர் கவனித்துக்கொண்டே இருக்கிறார்.

புதுக்கோட்டை திறந்த கதவுகள்

வேங்கைவயல் இருக்கிற மாவட்டத்தில் விமானி கனவா என்று சிலர் கேட்கலாம். குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த மாவட்டம் என்றுதான் 2022 டிசம்பருக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் நம்மை அறிகிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் மூடிய கதவுகளைத் திறந்த வரலாறும் இதே மண்ணுக்கு உண்டு.

புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி என்ற மாணவி இடம் கேட்டபோது, பெண் என்பதாலும் அவர் தாய் பிறந்த சமூகத்தைச் சொல்லியும் எதிர்ப்பு கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் உத்தரவிட்ட பிறகே சேர்க்கை கிடைத்தது. 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1912இல் மருத்துவராக வெளியே வந்தார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கதவு திறந்ததும் அவர் உள்ளே போய்ச் சாதித்தார். திறமை அதற்கு முன்பும் அவரிடம் இருந்தது.

இரண்டாவது கதை 1990களின் தொடக்கத்தில் நடந்த அறிவொளி இயக்கம். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கல் குவாரித் தொழிலாளிகள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எனப் பல்லாயிரம் பெண்கள் ஓட்டினார்கள். கேலி செய்தவர்கள் இருந்தார்கள். பெண்களுக்கான சைக்கிள் கடையில் கிடைக்காதபோது ‘பார்’ வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதை எழுதியதால் வெளியுலகத்துக்கும் தெரிந்தது. அன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது மூன்று: கற்றுக்கொடுக்க ஆள், வண்டி வாங்கக் கடன், கூட்டமாக ஓட்டும் துணிச்சல். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு விமானி ஆக நினைக்கிற ஒரு பிள்ளைக்குத் தேவைப்படுவதும் இதே மூன்றுதான். வண்டியின் விலை மட்டும் மாறியிருக்கிறது.

வாசல் இடம் மாறிய விதம்

1953இல் விமானப் போக்குவரத்து நாட்டுடைமை ஆனது. ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் பொதுத்துறை நிறுவனங்கள் என்பதால் பட்டியல் சாதி, பழங்குடி இடஒதுக்கீடு அவற்றுக்குப் பொருந்தியது. ஏர் இந்தியாவின் பயிற்சி விமானி வேலை அறிவிப்புகளில் எஸ்.சி., எஸ்.டி. இடங்கள் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் விண்ணப்பிக்க முதலில் கையில் உரிமம் வேண்டும். வேலையில் இடஒதுக்கீடு, வேலைக்கான பயிற்சியோ பணம் உள்ளவருக்கு. வாசலைத் திறந்து வைத்துவிட்டு ஏணியை எடுத்துவிட்டார்கள்.

1994இல் பழைய விமானக் கழகச் சட்டம் நீக்கப்பட்டுத் தனியார் நிறுவனங்கள் வந்தன. 1990களின் நடுப்பகுதி வரை வணிக விமானி உரிமத்துக்குப் பத்தாம் வகுப்பு போதும் என்றிருந்தது. அதன் பிறகு பிளஸ் 2வில் இயற்பியலும் கணிதமும் கட்டாயம் ஆனது. 2022 ஜனவரி 27 அன்று ஏர் இந்தியா டாடா குழுமத்தின் கைக்குப் போனது. அதோடு இந்திய வானத்தில் பெரிய விமான நிறுவனம் எதிலும் இடஒதுக்கீடு இல்லை என்ற நிலை வந்தது. நம் பிள்ளைகளில் முதல் தலைமுறையாக பிளஸ் 2 முதல் குரூப் படித்து வெளியே வரும் நேரத்தில் வாசல் தனியாருக்குப் போய்விட்டது.

இனி பணக் கணக்கைப் பாருங்கள். மத்திய அரசின் பயிற்சி நிறுவனம், உத்தரப் பிரதேசம் புர்சத்கஞ்சில் உள்ள இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி. அங்கே சேர்க்கையில் இடஒதுக்கீடு உண்டு. ஆனால் கட்டணம் 45 லட்சத்தைத் தொட்டு மேலே போகிறது. விமான நிறுவனங்களின் கேடட் திட்டங்கள் ஒரு கோடி ரூபாயைத் தாண்டுகின்றன. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் ‘டாப் கிளாஸ்’ உதவித்தொகைத் திட்டத்தில் தனியார் பறக்கும் பள்ளிகளுக்கு நீண்ட காலம் இருந்த உச்ச வரம்பு ஆண்டுக்கு 3.72 லட்சம் ரூபாய். மீதியை வங்கிக் கடனில் கட்டலாம் என்றால், 7.5 லட்சத்துக்கு மேலே போனால் பொதுவாக வங்கி ஈடு கேட்கும். ஈடு என்றால் நிலம், வீடு. நிலம் யாரிடம் இருந்தது, யாரிடம் இல்லாமல் வைக்கப்பட்டது என்பதுதானே நம் வரலாறு. ஆகவே தேர்வு அறையில் முதல் கேள்வித்தாள் கொடுப்பதற்கு முன்பே நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வடிகட்டப்பட்டுவிடுகிறார்கள்.

புகைப்படம் ஒட்டாத விண்ணப்பம்

இதே வாசலில் நின்றவர்கள் உலகில் வேறு இடங்களிலும் உண்டு. அமெரிக்காவில் கறுப்பினப் பெண் பெஸ்ஸி கோல்மனை ஒரு பறக்கும் பள்ளியும் சேர்க்கவில்லை. அவர் பிரெஞ்சு மொழி கற்று, பிரான்சுக்குப் போய், 1921இல் உரிமம் வாங்கினார். கறுப்பின மக்களுக்குப் போர்க்களத்துக்கான அறிவும் துணிவும் இல்லை என்று அமெரிக்க ராணுவக் கல்லூரி 1925இல் அறிக்கையே எழுதியது. 1941 முதல் 1946 வரை டஸ்கீகியில் பயிற்சி பெற்ற ஏறத்தாழ ஆயிரம் கறுப்பின விமானிகள் அந்த அறிக்கைக்குப் பதில் சொன்னார்கள்.

நமக்கு மிக நெருக்கமானது மார்லன் கிரீனின் வழக்கு. விமானப்படையில் மூவாயிரம் மணி நேரத்துக்கு மேல் பறந்தவர் அவர். 1957இல் கான்டினென்டல் விமான நிறுவனத்தில் விண்ணப்பித்தபோது இனம் கேட்ட கட்டத்தை நிரப்பவில்லை, புகைப்படமும் ஒட்டவில்லை. தேர்வுக்கு அழைத்தார்கள். நேரில் பார்த்த பிறகு, அவரைவிட அனுபவம் குறைந்த வெள்ளையர்களை எடுத்துக்கொண்டு அவரை விட்டுவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 1963இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1965இல் அதே நிறுவனத்தில் விமானியாகச் சேர்ந்தார். 2010இல் அந்த நிறுவனம் தன் விமானம் ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்தது.

அந்த நிறுவனத்தின் மனம் தானாக மாறிவிடவில்லை. கொலராடோ மாநிலத்தில் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் இருந்தது. அது தனியார் நிறுவனத்துக்கும் பொருந்தியது. நம் நாட்டில் தனியார் நிறுவனத்தின் ஆளெடுப்பில் சாதிப் பாகுபாட்டைக் கேள்வி கேட்க அப்படி ஒரு தனிச் சட்டம் இன்னும் இல்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவமதிப்பு நடந்த பிறகுதான் உதவிக்கு வரும். 2025 ஜூனில், ஒரு பெரிய தனியார் விமான நிறுவனத்தில் பயிற்சி பெற்ற தலித் இளைஞர், “விமானம் ஓட்ட நீ லாயக்கில்லை, போய்ச் செருப்புத் தை” என்ற பொருளில் மேலதிகாரிகள் பேசியதாகப் பெங்களூருவில் புகார் கொடுத்தார். அந்தச் சட்டத்தின் கீழ் வழக்குப் பதிவானது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. உண்மையை விசாரணையும் நீதிமன்றமும் சொல்லட்டும். ஆனால் 1930இல் செருப்புப் போடாதே என்றவர்களின் குரலையும், இந்தப் புகாரில் வருகிற குரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சரி, எப்படித் தயார் ஆவது?

ஒன்று, குரூப். விமான ஓட்டத்தில் ஒரு கணக்கு உண்டு: திசை ஒரு டிகிரி விலகினால், 60 கடல் மைல் (111 கி.மீ.) பறந்த பிறகு ஒரு கடல் மைல் தள்ளிப் போய் நிற்போம். பதினோராம் வகுப்பில் குரூப் எடுப்பது அந்த ஒரு டிகிரி. இயற்பியல், கணிதம் இரண்டும் வேண்டும். “உனக்கெல்லாம் முதல் குரூப் எதுக்கு” என்று சொல்கிறவர்களைக் கேட்காதீர்கள். ஏற்கெனவே கலை, வணிகவியல் எடுத்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் அந்த இரண்டு பாடங்களை மட்டும் எழுதலாம். இந்தக் கட்டாயத்தைத் தளர்த்தும் யோசனை 2025இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் பேசப்பட்டது. அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

இரண்டு, மருத்துவப் பரிசோதனை. ஒரு ரூபாய் கட்டணம் கட்டுவதற்கு முன், இயக்குநரகம் அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் நிலைச் சான்றும், பிறகு முதல் நிலைச் சான்றும் எடுத்துவிடுங்கள். கண்ணாடி போடுவது பொதுவாகத் தடையாகாது. நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. கடன் வாங்கிய பிறகு தெரிந்தால் ஒரு குடும்பமே மூழ்கும்.

மூன்று, கணக்கு. தேர்வில் கால்குலேட்டர் இல்லாமல் வேகமாகப் போட வேண்டிய கணக்குகள் நிறைய வரும். மணிக்கு 120 கடல் மைல் வேகத்தில் 90 கடல் மைல் போக எவ்வளவு நேரம்? 45 நிமிடம். ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்றால், 30,000 அடியிலிருந்து இறங்க எவ்வளவு தூரத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்? 90 கடல் மைல். பத்தாம் வகுப்புக் கணக்குதான். தினமும் அரை மணி நேரம் மனக்கணக்காகப் போட்டால் வந்துவிடும்.

நான்கு, கணினித் திறன் தேர்வு. ஜாய்ஸ்டிக்கால் திரையில் ஓடும் புள்ளியைப் பிடித்துக்கொண்டே காதில் விழும் எண்களையும் நினைவில் வைக்க வேண்டும். வீட்டில் கணினி விளையாட்டோடு வளர்ந்தவர்களுக்கு இது பழக்கம். நமக்குப் புதிது. ஒரு பழைய கணினி, ஒரு சாதாரண ஜாய்ஸ்டிக், இலவசப் பறத்தல் மென்பொருள் இருந்தால் நம் இரவுப் பாடசாலையிலேயே பழகலாம். இதில் பழக்கத்தின் பங்கு பெரிது.

ஐந்து, ஆங்கிலம். 1977இல் தெனெரீஃபில் 583 பேரும், 1996இல் ஹரியானாவின் சர்க்கி தாத்ரியில் 349 பேரும் இறந்த விபத்துகளுக்கான காரணங்களில் வானொலிப் பேச்சைச் சரியாகப் புரிந்துகொள்ளாததும் ஒன்று. அதன் பிறகே சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு விமானிகளுக்கு ஆங்கிலத் திறன் அளவுகோல் வைத்தது. ஆறு நிலைகளில் நான்காம் நிலை போதும். அது கேட்பது தெளிவு: சொன்னதைப் புரிந்துகொண்டு, புரியும்படி திருப்பிச் சொல்வது. கான்வென்ட் உச்சரிப்பை அந்த அளவுகோல் கேட்கவில்லை. நம் தமிழ் வாடையோடு தெளிவாகப் பேசுகிற ஆங்கிலம் விமானத்துக்குப் போதும்.

ஆறு, நேர்காணல். “உன் முழுப் பெயர் என்ன, சர்நேம் எங்கே?” என்று கேட்கலாம். “தமிழ்நாட்டில் அப்பா பெயரின் முதலெழுத்துதான், சர்நேம் கிடையாது” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குக் காத்திருங்கள். அப்பா என்ன வேலை என்றால் உள்ளதை உள்ளபடி நிமிர்ந்து சொல்லுங்கள். மறைக்க வேண்டிய எதையும் அவர் செய்யவில்லை.

கேடட் திட்டத்தில் தேர்வாகிவிட்டாலும் பிறகு வான்வழிச் செலுத்தல், வானிலை, விமான விதிகள், தொழில்நுட்பம் ஆகிய தாள்களில் 70 சதவீதம் எடுக்க வேண்டும். 200 மணி நேரம் பறக்க வேண்டும். அதனால் தொடங்கும் முன் குடும்பத்தோடு உட்கார்ந்து முழுச் செலவையும் தாளில் எழுதிப் பாருங்கள். உரிமம் வாங்கியும் வேலை கிடைக்காமல் கடனோடு காத்திருக்கிற ஆண்டுகளும் இந்தத் தொழிலில் வருவது உண்டு. நடுவில் நிற்கும் கடனைவிடத் தள்ளிப்போடும் ஆண்டு நல்லது.

தனியாகத் தயாரானால் போதாது

ஒருவர் இருவர் எப்படியோ ஏறிவிடுவார்கள். அவர்களைக் காட்டி “பாருங்கள், முயன்றால் முடியும்” என்று சொல்லி மற்றவர்களின் தோல்விக்கு அவர்களையே பொறுப்பாக்குவார்கள். அதனால் படிப்போடு கோரிக்கையும் சேர்ந்தே போக வேண்டும். பயிற்சியின் முழுச் செலவையும் ஏற்கும் உதவித்தொகையை மத்திய, மாநில அரசுகள் தர வேண்டும். ஈடு இல்லாத கடனுக்கு அரசே உத்தரவாதம் தர வேண்டும். விமான நிறுவனங்கள் தங்கள் விமானிகளின் சமூகப் பின்னணிக் கணக்கை வெளியிட வேண்டும். தனியார் துறையில் இடஒதுக்கீடும் பாகுபாட்டுத் தடைச் சட்டமும் வர வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாவற்றிலும் முதல் குரூப்பும் அதற்கு ஆசிரியர்களும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை உங்கள் ஊர்ப் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். இந்த மாதமே போய், இயற்பியல் ஆசிரியர் பணியிடம் நிரப்பப்பட்டிருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள்.

‘சூரரைப் போற்று’ படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். சாதாரண மனிதர் டிக்கெட் எடுத்து விமானத்தில் ஏறுகிற கதை அது. ஏறி உட்காரும் உரிமை ஓரளவு வந்துவிட்டது. ஓட்டும் உரிமை பாக்கி இருக்கிறது.

சாலிஸ்காவில் கடிவாளம் பிடித்த அந்த இளைஞரின் பெயர் நமக்குத் தெரியாது. அவருக்கு யாராவது முன்பே வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தால் அண்ணலின் கால் முறிந்திருக்காது. கற்றுக்கொடுக்கிற வேலை இப்போது நம் கையில் இருக்கிறது, தோழர்களே.

ஜெய் பீம்.